அம்மாவோடு நியூடோ ஒன்சென் போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பானின் அகிதா மலையில் இருக்கும் நியூடோ ஒன்செனில் (வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதிகள் உள்ள இடம்) தங்கப் போகிறேன். டோக்கியோவிலிருந்து கோமாச்சி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் தசாவாகோ நிலையம், அங்கிருந்து மலைக்கு பஸ், அதுவரை சரி. பனி கொட்டும் நாட்களில் அந்த பஸ் ஒழுங்காக ஓடுமா?

பெரிய கவலை சாப்பாடுதான். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே துருவிய மலைக்கிழங்கை உருண்டை பிடித்துப் போடும் மிசோ சூப் விசேஷம், ஆனால் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், வெறும் காய் சூப் என்று வைப்பதிலும் பெரும்பாலும் மீன் தாஷி (மீன் போட்டுக் காய்ச்சிய சாறு) இருக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் மாற்றிச் சமைத்துத் தருவார்களா, இல்லை புளிக்காய்ச்சலும் பொடியும் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லதா?

அப்புறம் குளியல். அங்குள்ள சுருநோயு விடுதியில் பால் நிறத் தண்ணீர் நிற்கும் அந்தத் திறந்தவெளிக் குளம் ஆண், பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்குத் தனிக் குளமும் உண்டுதான், ஆனாலும் துணியில்லாமல் மற்றவர் முன் இறங்க அம்மா ரொம்பக் கூச்சப்படுவார். முழங்கால் வலியோடு இருப்பவர், அந்தச் சூட்டில் கொஞ்ச நேரமாவது நிம்மதியாக உட்கார வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அங்குள்ள ஏழு விடுதிகளில் எதில் குடும்பத்துக்கென்று தனியாகக் குளியல் அறை கிடைக்கும்? படிக்கட்டு குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.