பொருநைக் கரை சொந்தங்கள் குழுவில் இரண்டாம் பாகப் பஞ்சாயத்து

சனிக்கிழமை இரவு

கலா அத்தை: யாராவது முழித்திருக்கிறீர்களா? இப்போதுதான் டிவியில் சந்திரமுகி 2 பார்த்து முடித்தேன். மனசே ஆறவில்லை.

கதிர் அண்ணன்: 2023-இல் வந்தபோதே வேண்டாம் என்று சொன்னேனே அத்தை.

கலா அத்தை: வடிவேலு அதே முருகேசனாக வருகிறார் என்று ஆசையாக உட்கார்ந்தேன்டா. அதே பி. வாசு, அதே அரண்மனை. கங்கனாவும் அழகாகத்தான் ஆடுகிறாள். ஆனால் ஒரு இடத்தில்கூட எனக்குப் பயமே வரவில்லை. முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் மாடிப் படியில் தனியாக ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தவள் நான்.

பவித்ரா: அம்மா சொல்வது உண்மை. அப்பாதான் துணைக்கு மேலே வருவார்.

நான்: அத்தை, ஏன் பயம் வரவில்லை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். 2005 படத்தில் பேயே கிடையாது. கங்காவின் மனசுக்குள்தான் சந்திரமுகி இருக்கிறாள். ஜோதிகா சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருப்பார், பேச்சுக்கு நடுவில் கண் மட்டும் முதலில் மாறும், அப்புறம் குரல், அப்புறம் கட்டிலைத் தூக்குவார். அந்த நிமிஷத்தில் பிரபு மாதிரியே நாமும் ‘இது என் வீட்டுப் பெண்ணா’ என்று பதறுகிறோம். 1993-இல் மணிச்சித்ரதாழ் எடுத்த பாசில் பிடித்த புள்ளி அதுதான், சோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததும் அதனால்தான். இரண்டாம் பாகத்தில் சந்திரமுகி நிஜப் பேயாகிவிட்டாள். முதல் படம் எதன் மேல் நின்றதோ அதையே தோண்டி எடுத்துவிட்டார்கள். அப்புறம் எத்தனை கோடிக்கு செட் போட்டாலும் வீடு நிற்காது.

கலா அத்தை: அட, ஆமாம்டா. இது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா: இந்நேரத்தில் என்ன பேய்ப் பேச்சு. போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

செல்வம் பெரியப்பா: நானும் முழித்துத்தான் இருக்கிறேன் சுந்தரி. இதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு இந்தியன் 2. 1996-இல் இந்தியன் வந்தபோது எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அந்தப் படத்தில் சேனாபதி லஞ்சம் வாங்கியவனைக் குத்துவது பெரிய விஷயம் இல்லை. தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்கு வைத்தியம் பார்க்க லஞ்சம் கேட்கிறார்கள், கொடுக்க மாட்டேன் என்று நின்று மகளைப் பறிகொடுக்கிறார். கடைசியில் தான் பெற்ற மகனையே, பஸ்ஸுக்கு பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்ததற்காகக் கொல்கிறார். சுகன்யா எவ்வளவு கெஞ்சியும் கேட்க மாட்டார். ஊருக்குச் சொன்ன நீதியைத் தன் வீட்டுக்கும் செய்தார் பார், அதனால்தான் அந்தக் கிழவன் நம் மனசில் உட்கார்ந்தான்.

கதிர் அண்ணன்: அப்பா, அவர் நேதாஜியின் படையில் இருந்தவர் இல்லையா, 2024-இல் அவருக்கு நூறு வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அந்த வயதில் அப்படிப் பறந்து பறந்து சண்டை போடுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செல்வம் பெரியப்பா: வயதை நான் மன்னித்துவிடுவேன் கதிர். முதல் படத்திலேயே வர்மம் என்று ஒன்றை நம்பினோமே. இதில் அவருக்கு இழக்க ஒன்றுமே இல்லை, அதுதான் என் குறை. தைபேயிலிருந்து வருகிறார், ஒவ்வொருவனாகத் தண்டிக்கிறார், போகிறார். மூன்று மணி நேரம். ரிலீஸ் ஆன பிறகு ஒரு 12 நிமிஷத்தை வெட்டினார்கள், அப்போதும் எனக்கு நீளமாகத்தான் இருந்தது.

பவித்ரா: மாமா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அந்தப் படத்துக்குள் ஒரு நல்ல கதை இருக்கத்தான் செய்கிறது. சேனாபதி நேரலையில் ‘உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்’ என்கிறார். சித்தார்த் அதை நம்பித் தன் அப்பா சமுத்திரக்கனியைப் பிடித்துக் கொடுக்கிறான், அதனால் அம்மா செத்துப்போகிறாள். ‘வா இந்தியனே’ என்று கூப்பிட்டவர்களே ‘திரும்பிப் போ’ என்கிறார்கள். சேனாபதி 28 வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டில் செய்ததை இன்றைக்கு ஒரு சின்னப் பையன் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அது. அதை நடுவில் வைத்துப் படம் எடுத்திருந்தால் முதல் பாகத்துக்கு ஈடாக நின்றிருக்கும். அதற்கு முன்னால் தங்க மாளிகை, சண்டை, பாட்டு என்று நேரம் போய்விட்டதால் நாம் அந்த இடத்துக்கு வரும்போது களைத்துவிட்டோம்.

செல்வம் பெரியப்பா: நீ சொன்ன பிறகு அந்தப் பையன் அம்மாவைப் பறிகொடுக்கிற இடம் ஞாபகம் வருகிறது. அங்கே எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. சரி, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா: விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் திரும்பத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் 2021-லேயே போய்விட்டார்கள். படம் எப்படியோ, அவர்கள் வருகிற காட்சிகளுக்காக நான் திட்டமாட்டேன்.

கதிர் அண்ணன்: உண்மை சித்தி. இப்போது நான் என் கட்சிக்கு வருகிறேன். தமிழில் தொடர்ச்சி என்றால் இயக்குநர் லோகேஷ் கனகராஜ்தான். 2019 தீபாவளிக்கு கைதி வந்தபோது அது ஒரு பெரிய உலகத்தின் முதல் படம் என்று யாருக்குத் தெரியும்? ஒரே ராத்திரி, கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, ஒரு லாரி, மகள் முகத்தை அதுவரை பார்க்காத ஒரு அப்பா. மூன்று வருஷம் கழித்து விக்ரமில் நரேன் வருகிறார், அர்ஜுன் தாஸ் வருகிறார், கடைசியில் ரோலக்ஸாக சூர்யா வந்து உட்கார்ந்ததும் தியேட்டரில் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்கவில்லை. பெங்களூரிலேயே அப்படி என்றால் நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம்.

கலா அத்தை: எனக்கு அந்த வேலைக்காரம்மாவைத்தான் பிடித்தது. டீனா.

கதிர் அண்ணன்: அத்தை, அதேதான் நானும் சொல்ல வந்தேன்! பாதிப் படம் வரைக்கும் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிற அம்மா. வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்ததும் ஒரு போன் வருகிறது. அப்புறம் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து அடிக்கிறாரே! நடித்த வசந்தி பல வருஷம் நடனக் குழுவில் பின்னால் ஆடியவர். அவருக்கு ஒரு படம் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்பேன்.

செல்வம் பெரியப்பா: கதிர், 1986 விக்ரமும் நான் பார்த்தவன். சுஜாதா எழுதியது, ராஜா பாட்டு, சத்யராஜ் வில்லன். ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று அந்தக் காலத்துக்கு ரொம்பப் புதுசு, ஆனால் பாதிக்கு மேல் சலாமியா என்று ஒரு கற்பனை ராஜ்யத்துக்குப் போய்க் கதை சறுக்கிவிட்டது. அந்த ஏஜெண்டை 36 வருஷம் கழித்து ஒரு தாத்தாவாகக் கொண்டுவந்து, பேரனுக்குச் சின்னச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று பதறுகிற மனிதனாகக் காட்டினது எனக்கு ரொம்பப் பிடித்தது. சறுக்கிய படத்துக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு கொடுக்க வேண்டும். ஜெயித்ததை விட்டுவிட வேண்டும்.

நான்: பெரியப்பா, இது அருமையான பேச்சு.

பவித்ரா: லோகேஷின் லியோவைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதில் கைதியில் வந்த கான்ஸ்டபிள் நெப்போலியனாக ஜார்ஜ் மரியான் ஹிமாச்சலுக்கு வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பிளாஷ்பேக்கை அந்த உலகத்தில் ஒட்டவைக்க இழுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. விஜய் நடித்த பார்த்திபனின் கதையாகவே விட்டிருந்தால் போதும்.

கதிர் அண்ணன்: அதில் உன்னோடு சண்டை போடலாம், ஆனால் நேரில் வா.

கலா அத்தை: நீங்கள் எல்லாம் பெரிய பெரிய படமாகச் சொல்கிறீர்கள். காஞ்சனாவை மறந்துவிட்டீர்களே! 2007-இல் முனி, 2011-இல் காஞ்சனா, அப்புறம் இரண்டு, மூன்று. லாரன்ஸ் பயந்து கோவை சரளா இடுப்பில் ஏறி உட்கார்ந்ததும் நம் வீட்டில் சின்னது பெரிசு எல்லாம் சிரித்துவிடும். குமரா, நீ முதல் படத்தின் கதையை உடைக்கக் கூடாது என்கிறாய். இங்கே முதல் படத்தின் கதையே தொடரவில்லையே. அந்த அம்மா, பயந்த பையன் மட்டும்தான் அப்படியே இருக்கிறார்கள், பேய் ஒவ்வொரு தடவையும் புதுசு. அதிலும் காஞ்சனாவாக சரத்குமார் திருநங்கையாக வந்து தான் வளர்த்த பெண்ணைப் படிக்க வைத்த கதையைச் சொல்கிற இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். பயம் காட்டுகிற படத்தில் அழ வைத்தார்கள். இதுவும் இரண்டாம் பாகம்தானே?

நான்: அத்தை, இதற்கு என்னிடம் பதில் இல்லை. முனியைப் பார்க்காதவர்கூட காஞ்சனாவைப் பார்க்கலாம், அது வேறு வகைதான். ஆனால் ஒரு கதையைத் தொடர்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற படத்துக்கு என் அளவுகோல் ஒன்றுதான். முதல் படத்தில் தீராமல் நின்ற ஒன்று இருக்க வேண்டும். அதற்கு திருஷ்யம் 2-க்கு மேல் எனக்கு உதாரணம் தெரியாது. பெரியப்பா, நீங்கள் இன்னும் பார்க்கவில்லைதானே?

செல்வம் பெரியப்பா: திருஷ்யத்தைத் தமிழில் எடுத்த பாபநாசம்தான் பார்த்திருக்கிறேன். கமல் நம்ம ஊர்த் தமிழைப் பேசின விதம் இருக்கிறதே, சுயம்புலிங்கம் நம்ம தெருக்காரன் மாதிரியே இருந்தான். கதைதான் அங்கேயே முடிந்துவிட்டதே, பிணம் போலீஸ் ஸ்டேஷன் தரைக்குக் கீழே போனதோடு. இதற்கு மேல் என்ன எடுக்க?

நான்: முடியவில்லை பெரியப்பா, அதுதான் விஷயம். முதல் படம் முடிந்தபோது நாம் ‘தப்பித்துவிட்டான்’ என்று கைதட்டிவிட்டு வந்தோம். இயக்குநர் ஜீத்து ஜோசப் கதையில் ஆறு வருஷம் கழித்து அதே வீட்டுக்குள் போய், தப்பித்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கிறார். பெரிய பெண்ணுக்கு போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டாலே வலிப்பு வருகிறது. ஊர்க்காரர்கள் முன்பு அப்பா ஜார்ஜுகுட்டிக்காகப் பேசினவர்கள், இப்போது அவன் கொஞ்சம் காசு பார்த்துத் தியேட்டர் வைத்ததும் அவன் பெண்ணைப் பற்றியே கதை கட்டுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுமையாகப் பாருங்கள். அவன் மனைவி ராணியாக வரும் மீனா சமையல்கட்டில் நிற்கிற விதத்திலேயே அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை என்று தெரிந்துவிடும்.

பவித்ரா: இதற்கு மேல் சொல்லாதே! மாமாவுக்கும் அம்மாவுக்கும் சஸ்பென்ஸ் போய்விடும்.

கதிர் அண்ணன்: ஆமாம், குமரா நிறுத்து. எனக்கு ஒரே வருத்தம், அதைத் தியேட்டரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் கொரோனா காரணமாக நேராக ஓடிடி-யில்தான் விட்டார்கள். அந்தக் கோர்ட் காட்சிக்கு ஒரு அரங்கம் மொத்தமும் மூச்சைப் பிடித்திருக்கும்.

செல்வம் பெரியப்பா: மலையாளம் எனக்குப் புரியும். நாளைக்குப் போட்டுப் பார்க்கிறேன். கதிர், அந்த டிவியில் எப்படிப் போடுவது என்று போனில் சொல்லு.

அம்மா: பொன்னியின் செல்வனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுக்கிறேன். அதை இரண்டாம் பாகம் என்று இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐந்து பாக நாவலை இரண்டாகப் பிரித்துச் சேர்ந்தே எடுத்தார்கள். கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கிற காட்சி ஒன்றுக்காக இரண்டாவதை நான் முதலுக்கு மேலே வைப்பேன். அவ்வளவுதான், எல்லாரும் தூங்குங்கள்.

பவித்ரா: அத்தை, ஒரே ஒரு நிமிஷம். வீர தீர சூரன் இரண்டாம் பாகம்தான் முதலில் வந்தது, 2025 மார்ச்சில். முதல் பாகம் வராமலே இரண்டாவது! மளிகைக் கடை வைத்திருக்கிற காளிக்குப் பின்னால் என்னவோ நடந்திருக்கிறது என்று நாமே கோத்துக்கொள்ள வேண்டும். மதுரைத் திருவிழா ராத்திரி, விக்ரம், எஸ்.ஜே. சூர்யா. எனக்கு அந்தத் துணிச்சலே பிடித்தது. கட்டாயம் பாருங்கள்.

ஞாயிறு இரவு

செல்வம் பெரியப்பா: பார்த்துவிட்டேன். கலாவும் மதுரையிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டே கூடப் பார்த்தாள்.

கலா அத்தை: அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் சரிதா! அண்ணா, எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வருகிறவளை எந்தப் பெண்தான் உள்ளே கூப்பிட மாட்டாள்? ராணி மனசுவிட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்தது என்று நம்பினாள். அவள் போலீஸ் என்று தெரிந்ததும் எனக்கு ஜார்ஜுகுட்டி மாட்டுவானா என்பதுகூட மறந்துவிட்டது, ராணியை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

செல்வம் பெரியப்பா: எனக்கு செத்துப்போன பையனின் அப்பா பிரபாகர். மகன் தப்பானவன் என்று தெரியும், ஆனால் எலும்பாவது கையில் கிடைத்தால் கரைத்துவிட்டு அழுது தீர்க்கலாம் என்று ஆறு வருஷம் காத்திருக்கிறார். கடைசியில் அஸ்தி அவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிறது பார், அங்கே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். குமரா, நீ நேற்று சொன்னது சரி. முதல் படத்தில் ஜார்ஜுகுட்டி அந்தப் பெற்றவர்களுக்குத் தர வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. நான் பாபநாசம் பார்த்தபோது அதை யோசிக்கவே இல்லை, கமல் பக்கமே நின்றுவிட்டேன்.

கதிர் அண்ணன்: அப்பா, மூன்றாம் பாகமும் அறிவித்திருக்கிறார்கள்.

செல்வம் பெரியப்பா: இதற்கு மேலும் பாக்கி இருக்கிறதா என்ன? அந்தப் பெரிய பெண் அஞ்சு மட்டும் இன்னும் சரியாகவில்லை, அவளை வைத்து எடுத்தால் வருகிறேன். இந்தத் தடவை தியேட்டரில்தான்.

கலா அத்தை: எனக்கும் சேர்த்துப் போடு கதிர். நடு வரிசையில், ஓர இருக்கை வேண்டாம்.