வாந்தியும் பேதியுமாக இருக்கும் நாய்க்குட்டி: காலை வரை என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு இரண்டரை மாதம் ஆகிறது; எடை ஏறக்குறைய மூன்று கிலோ. தடுப்பூசி இன்னும் போடவில்லை. மாலையிலிருந்து வாந்தி எடுக்கிறது, நீராகவும் கழிகிறது, இரத்தம் தென்படவில்லை. அழைத்தால் வாலை ஆட்டுகிறதே தவிர எழுந்து வருவதில்லை. கால்நடை மருந்தகம் காலையில்தான் திறக்கும். மோர் கொடுக்கலாம் என்கிறார் அம்மா. பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது?

மறுமொழி 1:
மாத்திரை வேண்டவே வேண்டாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால், அவர் உடலில் கிலோவுக்கு எட்டு மில்லிகிராம் அளவே சேர்கிறது. அதில் பாதியை உங்கள் குட்டிக்குக் கொடுத்தாலும் கிலோவுக்கு எண்பதைத் தாண்டிவிடும், அதைத் தாங்க அதன் கல்லீரலால் இயலாது. இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை இதைவிட மோசமானது. வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மோரும் பாலும் சில குட்டிகளுக்குப் பேதியை அதிகமாக்கும் என்பதால், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

வாந்தி சற்று அடங்கிய பிறகு, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கால் மணி நேரத்திற்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி அளவு வாயருகே வைத்து, அதுவாக நக்கிக் குடிக்க விடுங்கள். சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். குடித்ததை உடனே கக்கினால் நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 2:
வாந்தி எடுக்கும் நாயை ஒரு நாள் பட்டினி போட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். வளர்ந்த நாய்க்கு அது ஓரளவு பொருந்தலாம். இந்த வயதுக் குட்டிக்கோ இரத்தத்தில் சர்க்கரை விரைவில் இறங்கி, நடுக்கமும் வலிப்பும் வரலாம். அது துவண்டு போனால், துளி தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு, உடனே மருத்துவரைத் தேடிச் செல்லுங்கள். உடல் சில்லிட்டுவிடாமல் இருக்க, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி. இரத்தம் இல்லாததால் காலை வரை காத்திருக்கலாம் அல்லவா?

மறுமொழி 1:
அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தடுப்பூசி போடாத குட்டி என்பதால், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதில் இரத்தம் பின்னால்தான் வருவதும் உண்டு. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ பிசுபிசுப்பாகவோ இருந்தாலும், நிற்க முடியாமல் போனாலும், தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், இரவென்று பாராமல் அருகிலுள்ள நகரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3:
பார்வோ என்ற ஐயம் இருப்பதை மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே குட்டியைத் தரையில் விடாமல் கூடையிலேயே வைத்திருங்கள், மற்ற குட்டிகளுக்குத் தொற்றிவிடும். வீட்டில் பினாயிலை நம்ப வேண்டாம். கழிவை முழுவதும் துடைத்தெடுத்த பிறகு, குளோரின் சேர்ந்த வெளுப்புத் திரவத்தை முப்பது மடங்கு நீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மலத்தில் சிறிது ஒரு மூடிய டப்பாவில் எடுத்துச் சென்றால் பரிசோதனைக்கு உதவும்.