ஏலத்தோட்டத்தில் ஜின்செங் வளருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வண்டன்மேட்டில் எங்களுக்கு ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. போன மழைக்கு முன்னால் ஒரு நர்சரியில் ஜின்செங் (வேரை மருந்தாகப் பயன்படுத்தும் செடி) என்று சொன்னதை நம்பி இரண்டு கன்று வாங்கி வந்து மரநிழலில் நட்டேன், இப்போது முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஆனால் இலை சதைப்பற்றோடு இருக்கிறது, கிள்ளினால் பசலைக்கீரை மாதிரி கொழகொழக்கிறது, மெல்லிய காம்பில் பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் பூ, அதுவும் மதியத்துக்கு மேல்தான் விரிகிறது. கொரிய ஜின்செங் என்றால் விரல் விரித்தது போல ஐந்து சிற்றிலை இருக்க வேண்டும், பழம் சிவப்பாகக் கொத்தாக வர வேண்டும், வேர் பக்குவப்பட 4 முதல் 6 வருடம் ஆகும். நிழல் நம்மிடம் தாராளமாக உண்டு, ஆனால் அதன் விதை முளைக்கக் கடுங்குளிர் காலம் வேண்டுமே, அது இங்கே ஏது? என்னிடம் இருப்பது ஜாவா ஜின்செங் என்கிற கீரைவகையோ என்று சந்தேகம். யாராவது வளர்த்திருக்கிறீர்களா?

அப்புறம் முக்கியமான விஷயம். அம்மாவுக்கு ரொம்ப அசதி, இந்த வேரைக் கஷாயம் வைத்துக் கொடு என்று தினமும் கேட்கிறார். அவர் சர்க்கரை மாத்திரையும், இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம், சர்க்கரையையும் இறக்கலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். கம்பத்தில் ஒரு கடையில் இந்திய ஜின்செங் என்று ஒரு பொடி தந்தார்கள், பார்த்தால் நம்ம அமுக்கரா, அது வேறு செடி. அசல் கொரிய வேரை அடையாளம் கண்டு வாங்கியவர்கள், வார்ஃபரின் எடுப்பவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து.