தீர்ப்பு வந்திட்டுது, காசு வரேல்லை: பரந்தன் குடும்பக் குழு

ஹாட்வெயார் அண்ணை, மாலை 6:12
தங்கச்சி, கட்டட வேலை செய்யிற ஒருத்தருக்குச் சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் குடுத்த வழக்கு கிளிநொச்சி மாவட்டக் கோட்டில முடிஞ்சுது. 18 இலட்சமும் வட்டியும் வழக்குச் செலவும் கட்டச் சொல்லித் தீர்ப்பு. ஆள் ஒரு தவணைக்கும் வரேல்லை. இனிக் கோட்டே வாங்கித் தரும்தானே?

சட்டத்தரணி அக்கா, 6:15
இல்லை அண்ணை. கட்டாட்டி என்ன செய்யோணும் எண்டு நீங்கள்தான் திரும்பக் கோட்டிட்டைக் கேக்கோணும். கேக்காட்டி கோவை அலுமாரியிலயே கிடக்கும்.

சட்டத்தரணி அக்கா, 6:16
முதல் ஒண்டு சொல்லுங்கோ. ஆள் வராமல் ஒருதலைப்பட்சமா முடிஞ்ச வழக்கெல்லோ. டிக்கிரிக் கொப்பியை, அதுதான் தீர்ப்பை வைச்சு எழுதின கோட்டுக் கட்டளையை, ஆளிட்டைச் சேர்ப்பிச்சாச்சோ?

ஹாட்வெயார் அண்ணை, 6:20
எனக்கு ஒரு கொப்பி தந்தவை. அவருக்கு அனுப்பினதோ தெரியாது.

சட்டத்தரணி அக்கா, 6:24
அப்ப அதுதான் முதல் வேலை. கொப்பி சேர்ந்த நாளில இருந்து 14 நாளுக்குள்ள ஆள் வந்து, தான் வராததுக்கு நியாயமான காரணம் காட்டி டிக்கிரியை நீக்கக் கேக்கலாம். சரியாச் சேர்ப்பிக்காமல் அவசரப்பட்டு ரிட் (சொத்தைப் பிடிச்சுக் காசை அறவிடச் சொல்லிற கோட்டுக் கட்டளை) எடுத்தால் பிறகு ஆள் வந்து "எனக்கு ஒண்டுமே தெரியாது" எண்டுவார். லொறியைப் பிடிச்சு ஏலத்துக்கு நாள் வைச்ச பிறகும் எல்லாம் கவிண்டு போகும்.

பிஸ்கால் சித்தப்பா, 6:27
கோட்டு ரெஜிஸ்ரியில போய்ச் சேர்ப்பித்த அறிக்கையை வாசி தம்பி. "கையில குடுத்தது" எண்டிருந்தால் நல்லது. "ஆள் இல்லை, கதவில ஒட்டினது" எண்டிருந்தால் அந்த வீடு உண்மையில அவர் இருக்கிற வீடுதானோ எண்டு இப்பவே பார்த்துக்கொள். விலாசம் பிழைச்ச அறிக்கையாலதான் கன வழக்கு திரும்பி வாறது.

மில் மாமா, 6:31
பொலிசில ஒரு முறைப்பாடு போட்டால் பயந்து தரமாட்டாரோ?

சட்டத்தரணி அக்கா, 6:33
இது குடியியல் கடன் மாமா. பொலிஸ் வாங்கித் தராது. கடன் கட்டேல்லை எண்டதுக்காக மட்டும் ஆளை உள்ளுக்குப் போடவும் ஏலாது. சொத்தை ஏமாத்தி மாத்தினது மாதிரி விசயம் இருந்தால்தான் கோட்டு பிடியாணையைப் பற்றி யோசிக்கும்.

மில் மாமா, 6:34
வங்கிக்காரர் கோட்டுக்கே போகாமல் காணியை ஏலம் விடுகினமே?

சட்டத்தரணி அக்கா, 6:36
அது பரேட். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், வங்கிகளுக்கு மட்டும். கடன் அறவிடலுக்கான அதே ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டமும் கடன் குடுக்கிற நிறுவனங்களுக்குத்தான். கடைக்காரருக்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை மட்டும்தான் வழி.

அம்மம்மா, 6:37
எல்லாரும் தேத்தண்ணி குடிச்சாச்சோ

லீசிங் தம்பி, 6:38
குடிச்சாச்சு அம்மம்மா 🙏

சட்டத்தரணி அக்கா, 6:45
அண்ணை, 14 நாள் கழிஞ்சால் அந்தச் சட்டக்கோவையின்ர 224 ஆம் பிரிவில ரிட்டுக்கு விண்ணப்பம். வழக்கிலக்கம், தரப்பாரின்ர பெயர், டிக்கிரித் திகதி, மேன்முறையீடு இருக்கோ இல்லையோ, தீர்ப்புக்குப் பிறகு ஏதும் கட்டினவரோ, மிச்சம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, செலவு எவ்வளவு, என்ன வழியில கோட்டின்ர உதவி வேணும். இவ்வளவும் அதில வரோணும். தொகை பிழைச்சால் எதிராளிக்கு அதே ஒரு ஆட்சேபனை. டிக்கிரியில உள்ள முதல், அதில சொன்ன வட்டிவீதம், எந்த நாளில இருந்து எந்த நாள் மட்டும் எண்டு ஒரு தனித்தாளில கணக்கு எழுதித் தாங்கோ.

சட்டத்தரணி அக்கா, 6:48
பிந்தாதேங்கோ. டிக்கிரித் திகதியில இருந்து ஒரு வருசம் கடந்து போட்டால் விண்ணப்பத்தை முதல் எதிராளிக்கு அறிவிக்கோணும். அறிவிச்சால் அந்த இடைவெளிக்குள்ள லொறி வவுனியா தாண்டிடும். ஒரு வருசத்துக்குள்ள எண்டால் சத்தமில்லாமல் போகலாம். 10 வருசம் தாண்டினால் 337 ஆம் பிரிவு கதவைப் பூட்டிடும், எதிராளி மோசடியாலயோ பலவந்தத்தாலயோ தடுத்தார் எண்டு காட்டினால் தவிர. எடுத்த ரிட்டுக்கு ஆயுள் ஒரு வருசம். முடிய முதல் புதுப்பிக்கலாம், முடிஞ்சால் புதுசா எடுக்கலாம்.

ஹாட்வெயார் அண்ணை, 6:52
டிக்கிரியில அவரின்ர கடைப் பெயர்தான் பெரிசாக் கிடக்கு.

சட்டத்தரணி அக்கா, 6:54
தனியாள் வியாபாரத்தில கடைப் பெயர் வெறும் பலகைதான். "இன்னார், இன்ன பெயரில வியாபாரம் செய்பவர்" எண்டு ஆளின்ர பெயர் இருக்கோணும், இல்லாட்டி அவரின்ர சொத்தில கை வைக்கேக்க சிக்கல் வரும். வரையறுத்த கம்பனி எண்டால் வேற கதை. கம்பனியின்ர சொத்து மட்டும், பணிப்பாளரின்ர வீடு இல்லை.

ஹாட்வெயார் அண்ணை, 6:55
ஆளின்ர பெயரும் இருக்கு. சின்ன எழுத்தில.

பிஸ்கால் சித்தப்பா, 7:02
நல்லது. இனி எல்லாரும் பிழையா நினைக்கிற இடத்துக்கு வருவம். பிஸ்கால், அதுதான் கோட்டுக் கட்டளையை நிறைவேத்திற உத்தியோகத்தர், போய்ச் சொத்துத் தேடமாட்டார். ரிட் கிடைச்ச பிறகு, ஏலுமெண்டால் 48 மணித்தியாலத்துக்குள்ள எதிராளியின்ர வீட்டுக்குப் போய்க் காசைக் கேப்பார். தராட்டி நீ சுட்டிக் காட்டுற சொத்தைத்தான் பிடிப்பார். கையை வீசிக்கொண்டு வந்து நிண்டால் "சொத்து இல்லை" எண்டு அறிக்கை போகும். போக்குவரத்து, சாமானை ஏத்தி இறக்கிற கூலி, காவல், எல்லாம் முதல் உன்ர கையால. பிறகு அறவிடுற தொகையோட சேரும்.

ஹாட்வெயார் அண்ணை, 7:04
எனக்குத் தெரிஞ்சது ஒரு டிப்பர், ஒரு லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்), முறிகண்டிப் பக்கம் 2 ஏக்கர் காணி.

லீசிங் தம்பி, 7:09
டிப்பரின்ர இலக்கத்தை வைச்சு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில விபரம் எடுங்கோ. "முழு உரிமையாளர்" எண்ட இடத்தைப் பாருங்கோ. அதில லீசிங் கம்பனியின்ர பெயர் இருந்தால் வண்டி கம்பனியின்ர. ஓடுறவரின்ர பெயர் "பதிவு உரிமையாளர்" எண்ட இடத்தில இருக்கும், அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பிடிச்சால் அடுத்த கிழமையே கம்பனி 241 ஆம் பிரிவில உரிமை கோரிக் கோட்டுக்கு வரும். நீங்கள் ஏத்து கூலியும் காவல் காசும் குடுத்ததுதான் மிச்சம்.

பிஸ்கால் சித்தப்பா, 7:13
லீசிங் மட்டுமில்லை. மச்சான், மாமனார், பெண்சாதி எண்டு ஆராவது ஒருத்தர் "இது என்ர" எண்டு வருவினம். பிடிக்கிற நேரம் சாமான் ஆரின்ர கையில, ஆரின்ர அனுபவிப்பில இருந்தது எண்டுதான் கோட்டு சுருக்கமா விசாரிக்கும். அதனால பிடிக்கேக்க படம் எடு. ஆர் ஓட்டினது, எங்க நிண்டது, திறப்பு ஆரிட்ட இருந்தது. அந்த விசாரணையில தோத்தவை 14 நாளுக்குள்ள தனி வழக்குப் போடலாம்.

மில் மாமா, 7:16
மில்லுக்குள்ள கிடக்கிற நெல்லு மூட்டை எல்லாத்தையும் மில்காரன்ர எண்டு நினைச்சுப் பிடிக்கவும் கூடாது. பாதி, கமக்காரர் குத்தக் கொண்டந்து போட்டது. துண்டோட வந்து நிப்பினம்.

சட்டத்தரணி அக்கா, 7:21
லாண்ட்மாஸ்ரரும் கவனம். 218 ஆம் பிரிவில விலக்கு இருக்கு. உடுப்பு, படுக்கை, தொழிற்கருவி, கணக்குப் புத்தகம். கமக்காரர் எண்டால் சீவியத்துக்குத் தேவையெண்டு கோட்டு நினைக்கிற கமக் கருவி, மாடு, விதைநெல். "இதாலதான் வயல் செய்யிறன்" எண்டு வாதாட அவருக்கு இடமிருக்கு. ஆனால் காலபோகம் வெட்டி வீட்டில அடுக்கின நெல்லில விதைக்கு மிஞ்சினது பிடிக்கக் கூடிய பொருள்தான். அறுவடை முடிஞ்ச நேரம் பார்த்துப் போனால் பலன் இருக்கும்.

ஹாட்வெயார் அண்ணை, 7:23
அப்ப காணிதான் நல்லது.

சட்டத்தரணி அக்கா, 7:24
என்ன காணி? உறுதி எழுதின சொந்தக் காணியோ, அரசு பெர்மிட்டில குடுத்ததோ?

ஹாட்வெயார் அண்ணை, 7:25
பெர்மிட் எண்டுதான் கேள்வி.

சட்டத்தரணி அக்கா, 7:31
அப்ப விடுங்கோ. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்த உத்தரவுப்பத்திரக் காணியையும் அளிப்புக் காணியையும் கோட்டு டிக்கிரிக்காகப் பிடிச்சு விற்க ஏலாது. வன்னியில தீர்ப்பு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதுதான் பெரிய தடை. ஏக்கர் கணக்கில காணி இருக்கும், எல்லாம் அரச காணி. பிரதேச செயலகக் காணிக் கிளையில முதல் உறுதிப்படுத்துங்கோ.

சட்டத்தரணி அக்கா, 7:35
வேற எங்கயும் உறுதிக் காணி இருந்தால் காணிப் பதிவகத்தில தேடிப் பாருங்கோ. ஈடு (அடமானம்) இருந்தால் ஈட்டுக்காரருக்குத்தான் முதலிடம். பெண்சாதியின்ர சீதனக் காணி எண்டால் தொடேலாது, டிக்கிரி அவரின்ர பெயரில. சரியான காணி எண்டால் கைப்பற்றல் அறிவித்தலைப் பதிவகத்தில கட்டாயம் பதியோணும். பதிஞ்ச பிறகு அவர் எழுதுற உறுதி எங்கட கோரிக்கையைத் தட்டாது. பதியாமல் விட்டால் அந்த இடைவெளியில மச்சானின்ர பெயருக்குப் போயிடும்.

லீசிங் தம்பி, 7:37
ஏற்கனவே மச்சானுக்கு எழுதியிருந்தால்?

சட்டத்தரணி அக்கா, 7:40
கடன்காரரை ஏமாத்த எழுதினது எண்டு தனி வழக்கு, பவுலியன் வழக்கு எண்டு சொல்றது. எழுதினதால ஆளிட்டைக் கடன் அடைக்க ஒண்டும் மிஞ்சேல்லை எண்டு காட்டோணும். நன்கொடை உறுதி எண்டால் எங்களுக்குச் சுகம், வாங்கினவரின்ர கள்ள எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

பிஸ்கால் சித்தப்பா, 7:44
காணி ஏலத்தில கவனம்: எல்லை, பரப்பளவு, பதிவு இலக்கம் பிழைச்சு அறிவித்தல் போட்டால் பிறகு ஏலத்தையே நீக்கக் கேப்பினம். எடுத்தவர் அந்த இடத்திலயே 25 வீதம் கட்டோணும். நோட்டை எண்ணி வைக்காத ஆளுக்குச் சுத்தியல் தட்டக் கூடாது.

ஹாட்வெயார் அண்ணை, 7:46
டிப்பர் லீசிங், காணி பெர்மிட். அப்ப ஒண்டுமில்லையோ?

சட்டத்தரணி அக்கா, 7:53
இருக்கு. அவருக்கு வர வேண்டிய காசு. அவர் இப்ப ஆரின்ர கட்டட வேலையில நிக்கிறார் எண்டு பாருங்கோ. மெயின் கொந்தராத்துக்காரர் அவருக்குக் காசு குடுக்க வேண்டியிருந்தால், 229 ஆம் பிரிவில பிஸ்கால் ஒப்பமிட்ட தடை அறிவித்தல். "இவருக்கு நீர் குடுக்காதீர்" எண்டு. பிறகு 230 இல அந்தக் காசைக் கோட்டில கட்டச் சொல்லிக் கேக்கலாம். லொறி பிடிக்கத் தேவையில்லை, காவல் கூலி இல்லை. பில் பாஸாகி, கையில குடுக்க முதல் போய்ச் சேரோணும், அவ்வளவுதான்.

சட்டத்தரணி அக்கா, 7:55
வங்கிக் கணக்கும் அதே வழிதான். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த இலக்கம் எண்டு நாங்கள்தான் சொல்லோணும்.

லீசிங் தம்பி, 7:58
அவர் முந்தித் தந்த செக் ஏதும் கிடக்கோ? திரும்பி வந்த செக் எண்டாலும் சரி. கிளையும் கணக்கிலக்கமும் அதிலயே அச்சடிச்சிருக்கும். ஆனால் ஓடி ஓவர்ட்ராஃப்டில இருக்கிற கணக்கில வங்கி அவருக்கு ஒண்டும் குடுக்க வேண்டியதில்லை. அப்பிடி இருந்தால் அறிவித்தல் போய் வெறுமையாத் திரும்பும்.

மில் மாமா, 8:01
எங்க வேலை செய்யிறார், எந்தக் கணக்கு எண்டு ஒண்டும் தெரியாட்டி?

சட்டத்தரணி அக்கா, 8:05
அதுக்கு 219. ஆளைக் கோட்டுக்கு அழைச்சு, சத்தியத்தில வைச்சுக் கேக்கலாம். உமக்கு ஆர் கடன், வாகனம் என்ன, கணக்கு எங்க. கணக்குப் புத்தகங்களையும் கொண்டு வரச் சொல்லலாம். கம்பனி எண்டால் அதன் உத்தியோகத்தரை அழைக்கலாம். பொதுவா "என்ன சொத்து இருக்கு?" எண்டு கேட்டால் "ஒண்டுமில்லை" எண்டுதான் வரும். வாகன இலக்கத்தைச் சொல்லி, கட்டடத்தின்ர இடத்தைச் சொல்லி, திகதியைச் சொல்லிக் கேளுங்கோ.

பிஸ்கால் சித்தப்பா, 8:08
இன்னொண்டு. அவருக்கு நீ மட்டும் கடன்காரன் இல்லை. 352 ஆம் பிரிவில, விற்ற காசு கோட்டுக்கு வர முதல் ரிட்டுக்கு விண்ணப்பிச்ச மற்றக் கடன்காரருக்கும் விகிதப்படி பங்கு போகும். வேற கடைக்காரன் முந்தீட்டான் எண்டு கேள்விப்பட்டால் நீயும் உடன விண்ணப்பம் போடு, வீட்டில இருந்து யோசியாதை.

ஹாட்வெயார் அண்ணை, 8:12
ஆள் நேற்று ஆள்விட்டுக் கேட்டவர், மாசம் 1 இலட்சப்படி கட்டுறன் எண்டு.

சட்டத்தரணி அக்கா, 8:17
விரும்பினால் ஏற்கலாம், ஆனால் கோட்டில பதிஞ்சு. ஒரு தவணை பிந்தினாலும் மிச்சம் முழுவதுக்கும் ரிட் எண்டு எழுதோணும். கடைசித் தவணை வர முதல் "முழுக்கத் தீர்ந்தது" எண்டு ஒரு இடத்திலயும் கையெழுத்து வையாதேங்கோ. கையில வாங்குற காசுக்கு ரசீது குடுத்து, கோட்டுக்கும் அறிவிக்கோணும்.

ஹாட்வெயார் அண்ணை, 8:24
📷 பழைய செக் கிடந்தது. பாருங்கோ.

சட்டத்தரணி அக்கா, 8:27
இதில ரெண்டு பேரின்ர பெயர் கிடக்கே. மற்றது ஆர்?

ஹாட்வெயார் அண்ணை, 8:28
பெண்சாதி.

சட்டத்தரணி அக்கா, 8:30
கூட்டுக் கணக்கு, அவ பங்கு கேப்பா, இழுபடும். திங்கட்கிழமை முதல் வேலையா சேர்ப்பித்த அறிக்கை. அதோட அவர் இப்ப நிக்கிற சைட்டில பலகையில என்ன பெயர் போட்டிருக்கு எண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. தடை அறிவித்தல் முதல் அங்கதான் போகோணும்.

அம்மம்மா, 8:31
பிள்ளையள் சாப்பிட்டுப் படுங்கோ