முன் கண்ணாடி மாற்றுவது: நாமே செய்வதா, ஆளிடம் விடுவதா? அனுபவப் பகிர்வு

கண்ணாடிக் கடை, மதுரை:

"முன் கண்ணாடியை நாமே மாத்தலாமா?" என்று கேட்கிற பலர் வண்டி எது என்று சொல்வதில்லை. பதிலே அதில்தான் இருக்கிறது. அம்பாசடர், ஆம்னி, பழைய ஜீப், லாரி, ஆட்டோ போன்றவற்றில் கண்ணாடியைப் பிடித்திருப்பது ரப்பர் பீடிங். இன்று ஷோரூமில் நிற்கும் கார்களில் கண்ணாடி யூரிதேன் பசையால் பாடியோடு ஒட்டப்பட்டிருக்கும். சந்தேகம் என்றால் உள்ளே உட்கார்ந்து ஓரத்தைப் பாருங்கள். ரப்பர் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் பீடிங். கண்ணாடி ஓரம் முழுக்க அகலமான கறுப்புப் பட்டை ஓடி, உள்பக்கம் புள்ளி புள்ளியாகக் கரைந்தால் பசை. அந்தக் கறுப்பு அழகுக்கு இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் யூரிதேன் கெட்டுவிடும், அதை மறைக்கத்தான்.

பீடிங் வண்டியைத் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம், ரெண்டு ஆள் வேண்டும். பழைய ரப்பரைத் திரும்பப் போடாதீர்கள். வெளி உதட்டைக் கத்தியால் அறுத்துவிட்டால் கண்ணாடி தானாக விடுபடும். தகர விளிம்பைத் துடைத்து, துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். புது பீடிங்கை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டிவிட்டு, தகரம் உட்காரும் பள்ளத்தில் 5 அல்லது 6 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகுங்கள். ரெண்டு முனையும் கீழே நடுவில் ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வண்டிக்குள் தொங்க வேண்டும். பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

வெளியே இருப்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை ஓரத்துக்குச் செங்குத்தாக, தன் பக்கம் இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர உதடு தகரத்தின் மேல் ஏறிக்கொண்டே போகும். அழுத்துகிற கை எப்போதும் கயிறு வருகிற இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். மூலையில் உதடு ஏறவில்லை என்றால் தட்டாதீர்கள். லேமினேட்டட் கண்ணாடி (ரெண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது) நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் ஒரு குத்து போதும் விரிசல் ஓட.

லாரி பாடி பட்டறை, நாமக்கல்:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். பீடிங் மாட்டின உடனே வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடுவாங்க. மழை வந்ததும் கீழ் ரெண்டு மூலையிலயும் தண்ணி இறங்கும். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவுல, ரெண்டு இடத்துலயும் இறுகாத கறுப்பு சீலண்ட் நாசிலை விட்டு ஏத்தணும். இறுகிப்போற வகை வேண்டாம். வண்டி முறுக்கும்போது பீடிங் அசையும், இறுகின சீலண்ட் அங்கயே பிளந்துக்கும்.

கண்ணாடி பொருத்துநர், சென்னை:

பசை ஒட்டிய கண்ணாடி வேறு கணக்கு. அது பாடியின் ஒரு பாகம். வண்டி உருண்டால் கூரை அமுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. முன் பயணி ஏர்பேக் டேஷ்போர்டிலிருந்து மேலே எழும்பி, கண்ணாடியில் சாய்ந்துதான் ஆளின் பக்கம் திரும்பும். பசை பிடிக்காமல் இருந்தால் ஏர்பேக் கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டுத் தானும் போய்விடும். தண்ணீர் ஒழுகுவதை மழையில் கண்டுபிடிக்கலாம், இதை விபத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். என் தயக்கம் முழுக்க இங்கேதான்.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கும், ஆள் வைத்துச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கும் வேலை இப்படிப் போகும்.

வைப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு ஆர்மைக் கழற்றுங்கள். பல் கடித்து வராவிட்டால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஆர்ம் வளையும். பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவர், பக்கவாட்டு மோல்டிங் (ஓரப் பட்டை), உள்ளே கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் உள்ள தூண்களின் டிரிம் (மூடி), பின்னால் பார்க்கும் நடுக் கண்ணாடி எல்லாம் கழற்ற வேண்டும். கிளிப் உடையும், புதுசு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தூணில் கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டில் திரை போல விரிவது) இருக்கும் வண்டி என்றால் டிரிம்மைத் தொடும் முன்பே பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

டேஷ்போர்டில் கண்ணாடிக்குக் காற்று வீசும் நீளமான ஓட்டைகளை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். இதைப் பட்டறைகளிலேயே விட்டுவிடுவார்கள். கண்ணாடித் தூள் உள்ளே விழுந்துவிட்டால் அடுத்த முறை பிளோயர் போடும்போது நேராக ஓட்டுபவர் கண்ணுக்கு வரும்.

பழைய பசையை அறுப்பதற்குக் குளிர்க்கத்தி (கையால் இழுத்து அறுப்பது) அல்லது ஒயர். ஒயர் என்றால் உள்ளிருந்து ஒரு ஊசியால் பசையில் துளை போட்டு வெளியே விட்டு, ரெண்டு முனையிலும் கைப்பிடி மாட்டி, உள்ளே ஒருவர் வெளியே ஒருவராக மாறி மாறி இழுக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வரும்போது டேஷ்போர்டையும் அதன் பின்னால் ஓடும் ஒயரிங்கையும் தகடு வைத்து மறைக்காவிட்டால் அதையும் சேர்த்து அறுத்துவிடும். தோல் கையுறையும் கண்ணுக்குக் கவசமும் கட்டாயம்.

கண்ணாடி வந்த பிறகு பழைய பசையை முழுக்கச் சுரண்டக் கூடாது. புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 1 முதல் 2 மி.மீ. உயரம் விட்டு மட்டமாகச் சீவுங்கள். புது யூரிதேன் நன்றாகப் பிடிக்கும் தளம், அப்போதுதான் சீவிய பழைய யூரிதேன்தான். சுரண்டிய இடத்தில் தகரம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே மட்டும் பிரைமர் தொட்டு வையுங்கள்.

புதுக் கண்ணாடியைப் பசை இல்லாமல் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இடைவெளி நாலு பக்கமும் சரியானதும் கண்ணாடிக்கும் கூரைக்கும் குறுக்கே ரெண்டு டேப் ஒட்டி, நடுவில் பிளேடால் கீறிவிட்டு எடுங்கள். பசையோடு வைக்கும்போது டேப்போடு டேப் சேர்ந்தால் சரி, தேட வேண்டியதில்லை. கண்ணாடியின் கறுப்புப் பட்டையை அந்தப் பசைக்கே உரிய ஆக்டிவேட்டரால் (பசை பிடிக்க உதவும் திரவம்) துடைத்து, பிரைமர் தேவையென்றால் பாட்டிலுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்கும் வரை, அதன் பிறகும் ஒரு நிமிஷம், குலுக்கிப் பூசுங்கள். காய 10 நிமிஷமாவது விடுங்கள். அதன் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. டேஷ்போர்டு பாலிஷ் பாட்டில் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, அதிலுள்ள சிலிக்கான் காற்றில் பறந்து படிந்தாலே பசை வழுக்கும்.

நாசிலை 'வி' வடிவில் வெட்டி, அடி 8 மி.மீ., உயரம் 12 மி.மீ. முக்கோணமாகப் பசையை நிறுத்தி விடுங்கள். சின்ன கார் கண்ணாடியின் சுற்றளவு 4 மீட்டருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் சுமார் 200 மில்லி ஆகும், 310 மில்லி குழாய் ஒன்று போதும். ஆனாலும் ரெண்டு கையில் இருக்கட்டும், பாதியில் தீர்ந்து கடைக்கு ஓடினால் முதலில் போட்டது தோல் கட்டிவிடும். இந்தப் பசை கெட்டி, பசையைத் தள்ளும் நூறு ரூபாய் கன் வளைந்துவிடும். கோட்டில் ஒரு இடம் அறுந்தாலும் அங்கேதான் ஒழுகும். வெயில் காலத்தில் நிழலில் செய்யுங்கள், போட்ட 10 நிமிஷத்துக்குள் ரெண்டு பேர் உறிஞ்சு கைப்பிடி வைத்துத் தூக்கிக் கண்ணாடியை உட்கார வையுங்கள்.

டிங்கர் பட்டறை, கோவை:

துரு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. முதல் கண்ணாடி மாற்றும்போது கத்தி கீறிய இடத்தில் பிரைமர் வைக்காமல் விட்டால், ரெண்டாவது முறை திறக்கும்போது அந்த விளிம்பு பொரிந்திருக்கும். கடலோர ஊர்களில் இன்னும் மோசம். துருவின் மேல் பசை போட்டால் அது துருவைத்தான் பிடித்திருக்கும், தகரத்தை இல்லை. வெள்ளைத் தகரம் வரும் வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, அது முழுசாகக் காய்ந்த பிறகுதான் கண்ணாடி. ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து அடைக்காதீர்கள், பட்டியின் மேல் ஒட்டிய கண்ணாடியும் பட்டியோடு கழன்று வரும். தகரம் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

இன்னொன்று, ஹார்டுவேர் கடை சிலிக்கான். புளிச்ச காடி வாடை அடிக்கிற அந்த ரகம் தகரத்தை அரிக்கும், வலுவும் போதாது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு தடவை சிலிக்கான் பட்ட விளிம்பில் பிறகு யூரிதேன் ஒட்டாது. "சும்மா ஒழுகலுக்கு ஒரு கோடு இழுத்தேன் சார்" என்று வரும் வண்டியில் சுத்தம் பண்ணவே ஒரு நாள் போய்விடும்.

சொந்தமாகச் செய்பவர், திருச்சி:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். சென்சார் எதுவும் இல்லாத பழைய ஹேட்ச்பேக், துரு இல்லாத விளிம்பு, கூட ஒரு ஆள், ஒரு முழு நாள் நிழல் இருந்தால் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பணம் மிச்சம் என்று இறங்காதீர்கள். ஒயர், கைப்பிடி, உறிஞ்சு கைப்பிடி, நல்ல கன், ஆக்டிவேட்டர், பிரைமர், ரெண்டு குழாய் பசை எல்லாம் ஒரே ஒரு கண்ணாடிக்காக வாங்கினால் கூலியைத் தாண்டிவிடும். அதோடு புதுக் கண்ணாடியை நீங்கள் உடைத்தால் நஷ்டம் உங்களுடையது, அவர் உடைத்தால் அவருடையது. பேசும்போதே இதைக் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளுங்கள்.

குழாயில் காலாவதித் தேதி பாருங்கள். திறந்த பிரைமர் பாட்டில் ஈரம் இழுத்துக் கெட்டுவிடும், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். கண்ணாடி வாங்கும்போது மூலை முத்திரையில் லேமினேட்டட் என்பதும் ஐ.எஸ். 2553 என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள், இறக்குமதி என்றால் 43ஆர் என்ற எண்ணும் இருக்கும். காயலான் கடைக் கண்ணாடி வேண்டாம். ஒட்டிய கண்ணாடி கழற்றும்போது ஓரத்தில் சில்லு போயிருக்கும், மாட்டிய சில நாளில் அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

கண்ணாடி பொருத்துநர், சென்னை:

தம்பி சொல்வது நியாயம். மாட்டிய பிறகு எப்போது ஓட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தந்தப் பசைக்கு எழுதியிருக்கும் நேரம்தான் கணக்கு. சிலதுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு பல மணி நேரம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்ளே இறுகும் பொருள் இது, நாளுக்கு 3, 4 மி.மீ. ஆழம்தான் போகும். ஹேர் டிரையர் காட்டினால் வேலைக்காகாது. முதல் நாள் ஒரு ஜன்னலை ஒரு விரல் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே காற்று அமுங்கிக் கண்ணாடியை வெளியே தள்ளும். ரெண்டு நாளைக்குப் பிரஷர் வாட்டர் சர்வீஸ் வேண்டாம். ஒழுகலைச் சோதிக்கச் சாதாரண ஹோஸ், மெதுவான தண்ணீர், கீழிருந்து மேலே. மேலே ஆரம்பித்தால் எங்கிருந்து இறங்குகிறது என்று தெரியாது.

இன்சூரன்ஸ் சர்வேயர்:

கையை விட்டுச் செலவு செய்யும் முன் பாலிசியைப் பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கிடையாது. ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பு) இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1500 சிசி வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. கழற்றும் முன் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். மாற்றிவிட்டு பில்லை நீட்டினால் நிற்காது.

ஆனால் கிளெய்ம் போடுவது லாபமா என்று ஒரு கணக்கு. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 50 சதவீதத்தில் இருப்பவர் கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 0, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாண்டு கழித்துத்தான் 50க்குத் திரும்புவார். இழப்பைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5, ஆக மொத்தம் ஒரு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125 சதவீதம். போனஸ் கழிக்கும் முன் அந்தப் பிரீமியம் ரூ.6,000 என்றால் ரூ.7,500 போகிறது. கண்ணாடியும் கூலியும் அதற்குள் முடிந்தால் கிளெய்மே வேண்டாம். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால், அல்லது கண்ணாடி கிளெய்முக்குப் போனஸைத் தொடுவதில்லை என்று பாலிசியிலேயே இருந்தால், இந்தக் கணக்கு பொருந்தாது.

ஃபாஸ்டேக்கையும் மறக்காதீர்கள். உரித்து ஒட்டினால் உள்ளே உள்ள ஆன்டெனா அறுந்துவிடும். கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேளுங்கள்.

கண்ணாடிக் கடை, மதுரை:

மாற்றவே தேவையில்லாத கேஸும் வரும். சில்லு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் இருந்து, ஓட்டுபவர் பார்வைக்கு நேராக இல்லாமல், ஓரத்தைத் தொடாமல் இருந்தால் ரெசின் ஏற்றிப் புற ஊதா விளக்கில் இறுக்கலாம். அதுவரை செல்லோ டேப் ஒட்டி அழுக்கும் தண்ணீரும் போகாமல் வையுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏசியை முழுக் குளிரில் கண்ணாடி மேல் திருப்பாதீர்கள், சில்லு அப்படியே கோடாக ஓடும்.

கண்ணாடி பொருத்துநர், சென்னை:

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிகள், எக்ஸ்யூவி700 மாதிரி, இவற்றில் கை வைக்காதீர்கள். கேமரா பிராக்கெட் கண்ணாடியிலேயே ஒட்டி வரும். கோணம் துளி மாறினாலும் தூரத்தில் நிறைய விலகும், லேன் கோட்டைத் தப்பாகப் படிக்கும். அளவு பலகை வைத்தோ ஓட்டியோ மறுபடி கேலிபரேட் செய்யும் (கேமராவின் பார்வையைச் சரிப்படுத்தும்) கருவி உள்ள இடத்தில்தான் மாற்ற வேண்டும். மழை சென்சார் மட்டும் என்றால் அதன் ஜெல் பட்டையைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். குமிழி இருந்தால் காய்ந்த வெயிலிலும் வைப்பர் ஓடும்.

கேள்வி, சேலம்:

அண்ணா, கண்ணாடி மாற்றிய வண்டி, ஒழுகல் இல்லை. 80 தாண்டினால் மட்டும் மேலே விசில் சத்தம் வருகிறது. திரும்பக் கழற்ற வேண்டுமா?

கண்ணாடி பொருத்துநர், சென்னை:

வேண்டாம் தம்பி. பெரும்பாலும் மேல் மோல்டிங் ஒரு இடத்தில் எழும்பியிருக்கும். மேல் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஒரு சாண் ஒரு சாணாக உரித்து மறுபடி ஓட்டுங்கள். எந்தத் துண்டை உரித்ததும் திரும்ப வருகிறதோ அந்த இடம்தான். அங்கே மோல்டிங்கைத் தூக்கி உள்ளே யூரிதேன் ஒரு பொட்டு வைத்து அழுத்தி, ஒரு இரவு டேப் போட்டு விடுங்கள். டேப் முழுக்க ஒட்டியும் சத்தம் நிற்கவில்லை என்றால் கண்ணாடி இல்லை, வைப்பர் கவரின் ஓரத்தையும் கதவு பீடிங்கையும் பாருங்கள்.