'வோல்டேஜ் டிராப்': வீழ்ச்சியா, இறக்கமா?

வணக்கம் ஐயா,

கார் பழுது பார்க்கும் செய்முறையில் 'வோல்டேஜ் டிராப்' என்பதற்கு 'மின்னழுத்த வீழ்ச்சி' வேண்டாம், 'வழியிழப்பு' எனலாமா என்று கேட்டிருந்தீர்கள். 'வீழ்ச்சி' வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். விலை வீழ்ச்சி, ஆட்சி வீழ்ச்சி என்று காலப்போக்கில் நடப்பதற்கே அந்தச் சொல் பழகிப்போயிற்று. படிக்கிறவர் பேட்டரி தளர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு (ECU) மின்சாரம் சரியாகச் சேராதபோது நாம் தேடுவது வேறு. அதே நொடியில், ஒரு வயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் காணாமல் போகிறது?

'வழியிழப்பு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்வாரியத்தில் 'இழப்பு' என்றால் கம்பியில் வீணாகும் ஆற்றல். நமக்கு வேண்டியது வோல்ட் கணக்கு. 'மின்னழுத்த இறக்கம்' போதும். சாலை இறக்கம்போல, இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ளது என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 12.6 வோல்ட் பேட்டரி 10 அளவுக்குத் தாழ்வதைத் 'தொய்வு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையில் எழுதிப் பாருங்கள், சொல் தாங்குகிறது:

"எஞ்சினை ஓடவிடவும், ஓடாவிட்டால் ஸ்டார்ட்டரைச் சுற்றியபடி அளக்கவும். கணினியின் கனெக்டரைக் கழற்றக் கூடாது. மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை கணினியின் எர்த் பின்னில் (நெகட்டிவ் பக்கம் சேரும் கனெக்டர் முள்). இறக்கம் 0.1 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அடுத்து பாசிட்டிவ் பக்கம்: பேட்டரியிலிருந்து கணினி வரை இறக்கம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸின் இரு பக்கம், மெயின் ரிலேயின் (கணினிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) 30, 87 முனைகள் என்று பாதையைத் துண்டு துண்டாக அளக்கவும். எந்தத் துண்டில் இறக்கம் எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு."

கனெக்டரைக் கழற்றி அளப்பதுதான் வழக்கமான தவறு. மின்னோட்டம் இல்லாத இடத்தில் இறக்கமும் இராது. ஒரே ஒரு செப்பு இழையில் தொங்கும் வயரிலும், மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுக்காத 10 மெகாஓம் மீட்டர் 12.6 காட்டும். பட்டறையில் "வோல்ட் வருது, லோடு எடுக்கல" என்பது இதைத்தான். நம் கலைச்சொல்லைவிட அந்த வாக்கியம் தெளிவு! கனெக்டரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமானால் 21 வாட் பல்பை அந்தப் பின்னோடு கோத்து, அது எரியும்போது அளக்கலாம்.

பச்சை பூத்த எர்த் முனையில் அரை ஓம் தடை இருந்தால் 4 ஆம்பியருக்கு 2 வோல்ட் இறக்கம். பேட்டரியில் 14 இருக்கும், கணினி காணும் அளவைக் காட்டும் ஸ்கேனரில் 12 தெரியும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் தொய்வு போக மிஞ்சிய 10-இலும் இறக்கம் 2 தின்றுவிட்டால் கணினிக்கு எட்டுவது 8. ரிலே படபடக்கும், கணினி அணைந்து அணைந்து எழும். தொய்வு, இறக்கம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்தக் கணக்கை எழுதவே முடியாது.

இன்னொன்று. கனெக்டரைக் கழற்றாமல் வயர் நுழையும் பக்கமாக ஊசி விட்டு அளப்பதற்கும் (ஆங்கிலத்தில் 'பேக் ப்ரோபிங்') சொல் வேண்டும். 'பின்செருகல்' என்றால், பின்பக்கம் என்று கொள்ளாமல், கனெக்டர் பின்னையே (pin) செருகுவதாகிவிடும். 'வயரோரச் செருகல்' சரிவருமா?