மௌன செபத்தில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

திருச்சி மலர்:
சாந்திவனம்ங்கிற கத்தோலிக்க ஆசிரமத்துக்குப் போனவங்களுக்கு இடம் தெரியும். தண்ணீர்ப்பள்ளி, காவிரிக்கரை, காலை செபத்துல சந்தனம், மாலையில விபூதி. நேரா விஷயத்துக்கு வரேன். மாலை தியானம். பக்கத்துல ஒரு வயசான அம்மா. செபமாலையை மணிக்கட்டுல சுத்தியிருந்தாங்க, உருட்டல. மடியில விரிச்ச கை மேல ஒரு கட்டெறும்பு ஏறி, விரல் நுனி வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு. கை அசையவே இல்ல. நான் வழக்கம்போல மகன் வேலை, வீட்டுக்காரர் சுகர்னு ஆண்டவர்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் கையைப் பாத்ததும் நின்னுபோச்சு. கேக்க ஒண்ணுமே வரல, கண்ணுல தண்ணி மட்டும் கொட்டுச்சு. துக்கமும் இல்ல, சந்தோஷம்னும் சொல்ல முடியல. என்னன்னு இன்னும் பிடிபடல. யாருக்காவது இப்படி வந்திருக்கா?

நெல்லை சகோதரன்:
சகோதரி, கண்ணீரை வச்சு எடை போடாதீங்க. வாயை மூடிக்கிட்டு உக்காந்தா மனசு வெறுமையாகும், கண்டதும் உள்ளே நுழையும்னு எங்க பெந்தெகொஸ்தே சபைப் பெரியவங்க சொல்லுவாங்க. அப்பா ஐசியூவில கிடந்த ராத்திரி வராந்தாவுல முழங்கால் போட்டேன். உபவாச ஜெபத்துல மணிக்கணக்கா சத்தமா ஜெபிக்கிறவன் நான், அன்னைக்கு "இயேசுவே"ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. விடியிற வரை அந்தப் பேருதான், மூச்சோட மூச்சா. அழுகை வரல, பயமும் போகல. கூட ஒருத்தர் இருந்தார், அது மட்டும் நிச்சயம்.

மதுரை அருள்:
கண்டதும் நுழையுமா? தம்பி, பைபிள்ல 1 இராஜாக்கள் 19 எடுத்து வாசிங்க. பெருங்காற்றுல கர்த்தர் இல்ல, பூமியதிர்ச்சியில இல்ல, அக்கினியில இல்ல. அப்புறம்தான் அமர்ந்த மெல்லிய சத்தம். எனக்கு நடந்தது சின்னது. ரிட்டையர் ஆன மறுநாள் நற்கருணை முன்னாடி போய் உக்காந்தேன், சாயங்கால மணி அடிச்சப்பதான் எழுந்தேன். மலர், அதுக்கு அர்த்தம் தேடாதீங்கம்மா. ஜான் மெயின்னு ஒரு பெனடிக்டின் சபைத் துறவி காட்டுன வழி இருக்கு: காலையும் மாலையும் 20 நிமிஷமாவது, முதுகு நிமிர்ந்து, அசையாம. மா-ர-நா-தான்னு ஒரே சீரா மனசுக்குள்ள, "ஆண்டவரே வாரும்"னு அர்த்தம். நினைப்பு ஓடினா திட்டாம வார்த்தைக்குத் திரும்புங்க. அவர் இதை 1950-கள்ல மலேயாவுல ஒரு இந்து சுவாமிகிட்ட கத்துக்கிட்டவர். அதுக்காகத் தயங்க வேண்டாம், 5-ம் நூற்றாண்டுக்குள்ளேயே காசியான் துறவி ஒரே வசனத்தை விடாம சொல்லச் சொல்லியிருக்கார். முழங்கால் வலின்னா நாற்காலி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டு உக்காராதீங்க. செபமாலையையும் விட்டுடாதீங்க. பழைய காயம் ஏதாவது கிளம்பி மனசைப் பிசைஞ்சா ஆன்ம குருகிட்ட பேசுங்க.

கைக்குழந்தை அம்மா:
அருள் ஐயா, காலை 20, மாலை 20ன்னா எங்களை மாதிரி ஆளுங்க எங்க போவோம்? எனக்குக் கிடைக்கிறது ராத்திரி பால் குடுக்கிற நேரம்தான். "நான் அவரைப் பாக்கிறேன், அவர் என்னைப் பாக்கிறார்"னு பங்குச்சாமி மரிய வியான்னிகிட்ட சொன்ன பிரான்ஸ் நாட்டு ஆர்ஸ் ஊர் விவசாயி நேரம் பாத்தா உக்காந்தார்? ஒரு ராத்திரி இவன் குடிக்கிறதை நிறுத்திட்டு என்னையே பாத்தான், கன்னத்துல பால் வழியுது, கண்ணை எடுக்கல. நானும் எடுக்கல. அந்த விவசாயி சொன்னது அப்பதான் எனக்குள்ள இறங்குச்சு. முதுகு வளைஞ்சிருந்துச்சு, மாரநாதாவும் சொல்லல. அது செபம் இல்லைன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.